மாணவர் கண்ட அரசாங்கம்



பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மைப் போன்றோருக்கு, அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? பெரும்பாலும் ஒரு சன்னல்தான். சன்னலுக்கு இப்புறம் நீண்ட வரிசை. அப்புறம் தலை நிமிராமல் எழுதிக் கொண்டிருக்கும் ஒருவர். வரிசையில் நின்று நின்று நம் முறை வந்ததும், “முகவரிச் சான்று எங்கே?” என்று ஒரு கேள்வி பிறக்கும். வீடு மாறிய குற்றத்திற்காக மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போவோம். அரசாங்கத்தோடு நமக்குள்ள பழக்கம் இந்த அளவில் நின்று விடுகிறது. நம் பிள்ளைகளுக்கோ அந்தப் பழக்கமும் இல்லை. அவர்களுக்கு அரசாங்கம் என்பது பாடப் புத்தகத்தில் உள்ள ஓர் அத்தியாயம். தேர்வு முடிந்ததும் மறந்து போகும் அத்தியாயம்.

நான் மத்திய அரசின் பணியில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாக அறிவிப்புகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கி வருகிறேன். கல்லூரி மாணவர்கள் அரசு அலுவலகங்களுக்கு நேரில் சென்று, அங்கு நடக்கும் வேலையைக் கண்ணால் கண்டு வருவதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம். ஏனெனில், அப்படிப்பட்ட ஒரு பயணத்தில் பாடம் கற்றுக் கொண்டவர்களில் நானும் ஒருவன்.

நாம் வாழும் நகரங்களில் காண வேண்டிய அலுவலகங்களுக்குக் குறைவில்லை. தில்லியில் இருப்பவர்களுக்கு நாடாளுமன்றம் இருக்கிறது. உரிய அனுமதி பெற்றால் பார்வையாளர் மாடத்திலிருந்து அவை நடவடிக்கைகளைக் காணலாம். 1891-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பெற்று, பின்னர் தலைநகரோடு தில்லிக்கு வந்த தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. டேராடூனில் இருப்பவர்களுக்கு, 1767-ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டை அளந்து வரும் இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் இருக்கிறது. அந்தத் துறையின் புகழ் பெற்ற பேரளவைக்கு 1802-ஆம் ஆண்டு அடிக்கோடு அளக்கப்பட்டது நம்முடைய சென்னைப் பரங்கிமலையின் அருகில் என்பதை அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் அறிந்து கொண்டால் மகிழ்ச்சி அடைவார்கள். கொல்கத்தாவில் தாவரவியல் அளவைத் துறையும் விலங்கியல் அளவைத் துறையும் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அனுபவத்தின் வாயிலாகக் கற்பதை வலியுறுத்துகிறது. ஆகவே, போவதற்கு இடமும் உண்டு. போவதற்குக் காரணமும் உண்டு. எவ்வாறு போவது என்பதுதான் கேள்வி.

எவ்வாறு போகக் கூடாது என்பதை முதலில் கூறி விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் மாணவர்கள் அறுபது பேர் ஓர் அலுவலகத்தைப் பார்க்க வந்தார்கள். அலுவலகத்தின் பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே தேவையில்லை. அறுபது பேரையும் குளிரூட்டிய ஒரு கூடத்தில் அமர்த்தினார்கள். திரையில் படங்கள் ஓடின. ஒவ்வொரு படத்திலும் ஒரு சாதனை. ஒவ்வொரு சாதனைக்கும் ஒரு கைத்தட்டல். பிறகு தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. வாயிற்படியில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டார்கள். பேருந்து புறப்பட்டு விட்டது. அந்தக் கூடத்திற்கு அடுத்த அறையில்தான் உண்மையான வேலை நடந்து கொண்டிருந்தது. அந்த அறையின் கதவை யாரும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி மாணவர் யாரும் கேட்கவும் இல்லை. திருவிழாவுக்குப் போய்த் தேரைப் பார்க்காமல் திரும்பியவர் கதைதான் அது.

இனி, நான் கண்ட மற்றொரு பயணத்தைக் கூறுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், தலைநகரில் உள்ள கல்லூரி ஒன்றின் புவியியல் பேராசிரியை ஒருவர் என்னை அழைத்தார். தமிழ்ப் பெண்மணி, எங்கள் குடியிருப்பில் வசிப்பவர். பதினைந்து மாணவர்களை ஒரு வானிலை அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் என்றும், அங்குள்ளவர்கள் இந்தியில் கூறுவதை அந்த நால்வருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றும் கூறினார். விடுமுறை நாளாக இருந்தபடியால் ஒப்புக் கொண்டேன்.

பேராசிரியை ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, மாணவர் ஒவ்வொருவரும் நேர்ப்பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரத்தை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதில் சேர்ந்த மழைநீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். சிலர் எழுதினார்கள்; சிலர் தூங்கி விட்டார்கள். ஆனால் எழுதியவர்களின் கையில் இருந்த அந்தச் சிறு குறிப்பேடுதான் அன்று அலுவலகத்தின் கதவுகளைத் திறந்தது.

எங்களை வரவேற்றவர் முப்பது ஆண்டுகளாக வானிலையைக் கண்டு எழுதி வந்த ஒரு முதிய பணியாளர். மாணவர்களின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். ஒரே விடுதியில் தங்கியிருந்த இருவர் ஒரே நாளில் எழுதியிருந்த அளவுகள் வேறு வேறாக இருந்தன. அவர் முகம் மலர்ந்து விட்டது. “வாருங்கள், ஏன் என்று காட்டுகிறேன்” என்று வெளியே அழைத்துச் சென்றார். திறந்த வெளியில் புல்தரையின் நடுவே மழைமானி நின்றது. சுவரோ மரமோ அருகில் இருந்தால் அது மழையை மறைக்கும். ஆகையால், அவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி மானியை வைக்க வேண்டும். காற்று அடித்தால் துளிகள் விலகிப் போகும். வெயில் பட்டால் சேர்ந்த நீர் ஆவியாகும். “உங்களில் ஒருவர் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் பாத்திரத்தை வைத்திருப்பார்” என்றார். ஒரு மாணவன் தலையைக் குனிந்து கொண்டான்.

காலை 8.30 மணி என்பதற்கும் காரணம் சொன்னார். அது கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. நாட்டின் எந்த மூலையில் மழை பெய்தாலும், அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தின் மழையே அந்த நாளின் மழையாகக் கணக்கில் எழுதப்படுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க முடியும். மேலே உள்ள காற்றை அறிவதற்கு, உலகெங்கும் உள்ள நிலையங்களைப் போல, நம் நாட்டு நிலையங்களும் குறித்த நேரங்களில் கருவி கட்டிய பலூன்களை விடுகின்றன. அவை 30 கிலோமீட்டர் உயரம் வரையிலும் சென்று வெடிக்கின்றன. வெடிக்கும் வரை, வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் வானொலி அலைகள் மூலம் கீழே அறிவித்துக் கொண்டிருக்கின்றன.

“ஐயா, ஞாயிற்றுக்கிழமையும் அளப்பீர்களா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“ஞாயிறும் தீபாவளியும் மழைக்குத் தெரியாது அம்மா” என்றார் அவர்.

“ஒரு நாள் தவறி விட்டால்?”

இந்தக் கேள்விக்கு அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, “அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு விட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. வெற்றிடத்தைப் பார்த்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியும், இங்கே ஒன்று விட்டுப் போயிற்று என்று. பொய்யைப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது” என்றார். இதை நான் தமிழில் சொன்னபோது, குறிப்பேட்டை ஒழுங்காக நிரப்பி வைத்திருந்த ஒரு பிள்ளை மெல்ல ஒரு பென்சிலை எடுத்து, மூன்று கட்டங்களில் எழுதியிருந்த எண்களை அடித்தான். பேராசிரியை அதைப் பார்த்தும் பாராதவர் போல் இருந்து விட்டார்.

பின்னர் உள்ளே சென்றோம். இந்தத் துறை எவ்வாறு பிறந்தது என்பதை அங்கே அறிந்தோம். 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு போயிற்று. மழை பொய்த்ததால் 1866-ஆம் ஆண்டு ஒரிசாவில் பெரும் பஞ்சம் வந்தது. மழை மிகுந்தும் மடிந்தோம், மழை இல்லாமலும் மடிந்தோம் என்ற நிலையில்தான், 1875-ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை அமைக்கப்பட்டது. கல்கத்தாவில் தொடங்கி, சிம்லாவுக்கும் புனாவுக்கும் சென்று, 1944-ஆம் ஆண்டு அதன் தலைமையகம் தில்லிக்கு வந்தது. அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்னதாக, 1792-ஆம் ஆண்டிலேயே, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வான் ஆய்வு நிலையம் அமைந்திருந்தது.

உள்ளே சுவரில் ஒரு பலகை இருந்தது. மழையின் வகைகளும் அவற்றின் அளவுகளும் அதில் எழுதப்பட்டிருந்தன. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை பெய்தால் மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதி கனமழை. முதியவர் கடைசி வகையைப் பற்றி விளக்கிக் கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் வாய்க்கு வந்தபடி, “மிகக் கனமழை பெய்யும்போது...” என்று தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி பலகையைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்.

“மாமா, பலகையில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றல்லவா போட்டிருக்கிறது? அப்படியானால் அது அதி கனமழை அல்லவா?”

“ஆமாம், அதுதான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே அம்மா” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பெண் மரியாதை குறையாமல் விடை சொன்னாள்: “எங்கள் ஊரில் ஒன்று இல்லை மாமா. மிகக் கனமழை என்று ரேடியோவில் சொன்னால் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவோம். அதி கனமழை என்று சொன்னால் நாங்களே மேட்டுக்குப் போய் விடுவோம்.”

நேயர்களே, இருபது ஆண்டுகள் மொழிபெயர்த்தவன் நான். ‘மிக’ என்பதும் ‘அதி’ என்பதும் அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் பொருளுடையவைதாம். என் மேசையில் அவை இரண்டு சொற்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலோ, ஒரு சொல் மாட்டைக் காப்பாற்றுகிறது. மற்றொரு சொல் பாட்டியைக் காப்பாற்றுகிறது. கூச்சத்தால் எனக்கு முகம் சிவந்து விட்டது. நடந்ததை முதியவருக்கு இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 10 லிட்டர் தண்ணீர். 20 சென்டிமீட்டர் என்றால் 200 லிட்டர். 100 சதுர மீட்டர் அளவுள்ள ஒரு சிறு வீட்டின் கூரை மீது மட்டும் ஒரு நாளில் 20,000 லிட்டர் விழும். “நாங்கள் எண்ணைத்தான் தருகிறோம். அந்த எண் போய்ச் சேரும் இடத்தில் அது சொல்லாக இருக்கிறது. சொல் தவறினால் எங்கள் எண்ணால் பயன் இல்லை” என்றார்.

பேச்சு புயலுக்குத் திரும்பியது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று நாம் செய்திகளில் கேட்டிருக்கிறோம். தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஏதோ பறவைக் கூண்டு என்று எண்ணிக் கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்துப் பெண்ணே அவர்களுக்கு ஆசிரியை ஆனாள். துறைமுகத்தின் கொடிமரத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவ அடையாளங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவார்கள் என்றாள். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை நெருங்குகிறது. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். எண் 11 ஏற்றப்பட்டால், புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்று விட்டது என்று பொருள்.

“கரையில் கூண்டு ஏற்றினால், முன்பே கடலுக்குள் போய் விட்டவருக்கு எப்படித் தெரியும்?” என்று அவளே கேட்டாள். வானொலியில் மீனவர்களுக்கென்று ஒலிபரப்பாகும் செய்தி உண்டு. அண்மை ஆண்டுகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஆயினும் கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு படகையும் எட்டுவதே இன்றளவும் கடினமான பகுதி என்று முதியவர் ஒளிக்காமல் சொன்னார். 2017-ஆம் ஆண்டின் ஒக்கி புயல், குமரி முனையின் அருகே மிக விரைவாக வலுப்பெற்று, கடலில் இருந்த மீனவர் பலரின் உயிரைக் கொண்டதை அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் மாறியது எதுவும் இல்லை என்று எண்ணிக் கொண்டு திரும்புவதும் நியாயமன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தனுஷ்கோடி என்ற ஊரே புயலில் அழிந்தது. 1999-ஆம் ஆண்டு ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதே கடற்கரையை 2013-ஆம் ஆண்டு பைலின் என்னும் கடும் புயல் தாக்கியபோது, ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். உயிரிழப்பு பத்துகளில் அடங்கிற்று. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வானத்தைக் காணும் கருவி மட்டும் அன்று. கருவியைக் கண்டவர் எழுதினார். எழுதியதை ஒருவர் அனுப்பினார். மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் அதை நம்பினார். கிராமத்தில் ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அரசாங்கம் என்பது இந்தக் கைகளின் கோவைதான். அதில் ஒரு கை தளர்ந்தாலும் கதவு தட்டப்படுவதில்லை. பாடப் புத்தகத்தில் இந்தக் கைகள் தெரிவதில்லை. நேரில் போனால்தான் தெரியும்.

இத்தகைய பயணங்களுக்கு எதிராகச் சிலர் கூறுவதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அலுவலகத்தில் வேலை கெடும் என்பார்கள். அறுபது பேர் வந்தால் கெடத்தான் செய்யும்; பதினைந்து பேர் வந்தால் கெடாது. இரகசியம் காக்க வேண்டிய இடங்கள் உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் மழை அளக்கும் இடத்திலும் பழைய ஆவணம் காக்கும் இடத்திலும் அப்படிப்பட்ட இரகசியம் அதிகம் இருக்க முடியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் எழுதிக் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டிய கடமை அலுவலகங்களுக்கு இருக்கிறது. எழுதிக் கேட்டால் சொல்ல வேண்டியதை, நேரில் வந்து பணிவோடு கேட்கும் பிள்ளைக்குச் சொல்வதில் என்ன குறை வந்து விடும்?

ஆகவே, ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சிறு குழுவாகச் செல்லுங்கள். செல்வதற்கு முன் அந்த அலுவலகத்தின் வேலையில் ஒரு சிறு பகுதியையாவது மாணவர் தம் கையால் செய்து பார்த்திருக்கட்டும். மேலதிகாரியின் உரையைக் கேட்பதோடு நிற்காமல், கடைசி மேசையில் இருப்பவரோடும் பேசட்டும். ஒரு தாள் உள்ளே வந்தால் எந்தெந்தக் கைகளைக் கடந்து வெளியே போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கட்டும். “இதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும்?” என்று கேட்க அஞ்ச வேண்டா. நேர்மையான பணியாளர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.

கல்லூரி அழைத்துச் செல்லவில்லை என்றால் என்ன செய்வது? தபால் நிலையத்திற்கும் மாநகராட்சி அலுவலகத்திற்கும் நாம் போகத்தானே போகிறோம்? பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லலாம். அயல் மொழி பேசும் ஊரில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் இரு மொழிகளையும் அறிந்தவர்கள். ஓர் அலுவலகத்தின் சொல் மற்றோர் ஊரில் போய் என்ன ஆகிறது என்பதை அவர்களால்தான் எளிதில் காண முடியும். அன்று அதைக் கண்டவள் பதினெட்டு வயதுப் பெண். காணத் தவறியவன் அந்த வேலைக்கே சம்பளம் வாங்கும் நான்.

இப்பொழுது என் மேசைக் கண்ணாடியின் கீழ் ஒரு தாள் இருக்கிறது. கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்ற மூன்று சொற்களும், அவற்றுக்கு நேரே சென்டிமீட்டர் அளவுகளும் அதில் எழுதியிருக்கின்றன. வானிலையோடு சம்பந்தமே இல்லாத அறிவிப்பை மொழிபெயர்க்கும்போதும், ஒப்பம் இடுவதற்கு முன் அந்தத் தாளை ஒரு முறை பார்த்துக் கொள்கிறேன். இந்தச் சொல்லைக் கேட்டு எங்கோ ஓர் ஊரில் யார் எதை அவிழ்த்து எங்கே கட்டப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.